தர்பனில் இருக்கும் நண்பனுக்கு

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் புயல் காலத்தில் கூடுகிறது. பெரிய அக்காள் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். ஆர்மோனியத்தைப் பற்றியும் கேட்டார், அதற்கு நீயே பதில் எழுதிக்கொள். நெடுநாள் மௌனத்துக்காக நீ என்னைத் திட்டப்போகும் சொற்களை மோக்காவில் குதிரை வாத்தியாரிடம் நாம் இருவரும் சேர்ந்தே கற்றோம் என்பதால், அவற்றை இந்த முறை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

நம் தீவின் பாடகர் கயாவைப் பற்றி உன் கடிதத்தில் இருந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. "கயாவோடு எல்லாம் முடிந்தது, அவருக்குப் பிறகு நம் கடலில் தானே எழுதித் தானே பாடுகிறவன் எவனும் இல்லை, மிச்சம் இருப்பது ஓட்டல் செகா மட்டுமே" என்று எழுதியிருந்தாய். கயாவைப் பற்றி நீ சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. நம் தீவின் செகா இசையையும் ஜமைக்காவின் ரெகேயையும் இணைத்துச் செகே என்று ஒரு புதிய நடையையே உண்டாக்கியவர் அவர். 1999 பிப்ரவரி 21 அன்று அவர் காவல் அறையில் இறந்த செய்தி வந்ததையும், அதன்பின் தீவே பற்றி எரிந்த நாட்களையும் நாம் சேர்ந்து பார்த்தோம். 'சிமே லாலிமியேர்' பாடலை இன்றும் மேடையில் பாடினால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஆனால் அந்தத் துக்கத்தை வைத்து மற்ற எல்லாருடைய வாயையும் நீ அடைத்துவிடுவது நியாயம் இல்லை. ஆகவே நான் மதிக்கும் சிலரைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

முதலில் நம் மேன்வார். கிட்டாரோ கீபோர்டோ தாங்கிப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லாமல், குரலையும் ரவான் என்னும் நம் வட்டத் தோல்கருவியையும் மட்டும் வைத்தே ஒரு பாட்டை நிறுத்தக்கூடியவர் அவர். ரவானைத் தாளத்துக்கு மட்டும் அடிக்கும் கருவியாக நினைத்துக்கொண்டிருந்த நம் தலைமுறைக்கு, அதன் நடுவிலும் விளிம்பிலும் எத்தனை நாதங்கள் இருக்கின்றன என்று காட்டியவர். 'ஆய் ஆய் லோலோ' கேட்டுப் பார். மிருதங்கம் கற்றவன் நீ. உன் காது எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

இனி நம் அண்டைத் தீவான ரீயூனியனுக்கு வருகிறேன். ஒரு திருமணத்தில் வாசிப்பதற்காக அண்மையில் அங்கே போயிருந்தேன். திரும்பியதிலிருந்து வேறு எதையும் கேட்க மனம் இல்லை. தான்யேல் வாரோவை நீ பெயரளவில் அறிவாய். 1955இல் பிறந்தவர், கட்டாய இராணுவச் சேவைக்கு மறுத்துச் சுமார் இரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தவர், கரும்புப் பூக்காம்புகளைக் கட்டி உள்ளே விதைகளை நிரப்பித் தாமே கயாம்ப் என்னும் குலுக்கு வாத்தியம் செய்கிறவர். அவருடைய 'பதார்சிதே' பாடலைக் கட்டாயம் கேள். பல இரத்தம் கலந்த பிறப்பை, பிறர் வசையாகச் சொல்லும் அதை, அவர் தலைநிமிர்ந்து தம் பெயராக ஏற்றுக்கொள்கிறார். எந்தக் கப்பலில் யார் வந்தார்கள் என்று இன்னும் கணக்குப் பார்க்கும் நம் ஊர்ப் பெரியவர்களை அந்தப் பாட்டின் எதிரே உட்காரவைக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு.

அலேன் பீட்டர்ஸ் வேறு வகை. இளம் வயதில் ராக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசித்தவர், பிறகு மேற்கு ஆப்பிரிக்க வீணை வகையான தகாம்பாவை எடுத்துக்கொண்டு தீவின் பேச்சுமொழியான கிரியோலில் தம் கவிதைகளைப் பாடத் தொடங்கியவர். குடி அவரைத் தின்றது. 1995இல் நாற்பத்து மூன்றே வயதில் போய்விட்டார். விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகள் கொஞ்சமே. ஆனால் 'ரெஸ்த லா மலோயா'வை இரவில் தனியாகக் கேள், பகலில் வேண்டாம். குரலை உயர்த்தாமல், எதையும் நிரூபிக்க முயலாமல் பாடுகிறார். நம் மேடைகளில் பாதிப்பேர் கத்துவதை நிறுத்துவதற்கு இந்த ஒரு பாட்டுப் போதும்.

இவர்கள் எல்லாரையும் விட நான் உனக்காக வைத்திருப்பவர் கிரான்மூன் லேலே. தமிழ் வம்சமும் மடகாஸ்கர் வம்சமும் கலந்த குடும்பத்தில் 1930இல் பிறந்து, சர்க்கரை ஆலையில் உழைத்து, முன்னோருக்குப் படைக்கும் இரவுச் சடங்குகளில் விடியவிடியப் பாடி வளர்ந்த மனிதர் அவர். ரீயூனியனின் சொந்த இசையான மலோயா, அரசு விரும்பாத இசையாக இருந்த காலம் அது. வானொலியில் அதற்கு இடமே இல்லை, 1981க்குப் பிறகுதான் நிலைமை மாறியது. அதனால் 'நமுனிமான்' என்ற அவருடைய முதல் குறுந்தட்டு 1993இல் வெளிவந்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. மனைவியும் பிள்ளைகளும் பின்பாட்டுப் பாடுகிறார்கள், அவர் முன்னால் அழைக்கிறார். நடை என்னவோ மும்மூன்றாக எண்ணும் திச்ரம் போலத்தான் தொடங்கும், நீயும் தொடையில் கைபோட்டு எண்ணத் தொடங்குவாய். ஆனால் ரூலேர் என்னும் பெரிய முரசின் கனத்த அடி, தாளத்தின் தொடக்கமான சமம் என்று நீ நினைத்த இடத்தில் விழாது. அந்தக் குரலில் நம் கோயில் வாசலில் தப்பு அடித்தவர்களின் தொண்டை எனக்குக் கேட்கிறது. தோலைத் தீயில் காய்ச்சி முறுக்கேற்றும் வழக்கம் ரவானுக்கும் உண்டு, தப்புக்கும் உண்டு. இரண்டும் ஒரே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்களின் கருவிகள் என்று அவரைக் கேட்டபிறகே நான் உண்மையாக நம்பினேன்.

இங்குதான் எனக்கு வருத்தம் தொடங்குகிறது. தமிழ் வம்சத்தில் வந்த கலைஞர்கள் இந்தக் கடலில் குறைவே இல்லை. 1979இல் ஸிஸ்காகான் குழுவைத் தொடங்கிய ஜில்பேர் பூனியா இருக்கிறார். எழுபதுகளில் இங்கே அரசியல் செகா பாடிய சிவேன் சினியேனும் பாம் குத்தாயேனும் இருந்தார்கள். எல்லாரும் சொந்தமாக எழுதினார்கள், கிரியோலில் எழுதினார்கள், அது முற்றிலும் சரி. தமிழில் பாடும் நாமோ கோயிலில் தேவாரம், திருமணத்தில் சினிமாப் பாட்டு, காவடியில் தாத்தா காலத்துச் சிந்து என்று பிறர் எழுதியதையே பாடிக்கொண்டிருக்கிறோம். தேவாரத்தை நான் குறை சொல்வேனா? ஆனால் இந்தத் தீவின் கரும்பையும், தோட்டத்து லாரியையும், மூடிப்போன ஆலையையும், வெளிநாடு போன பிள்ளைகளையும் பற்றி இங்கே பிறந்த ஒருவன் தமிழில் எழுதிப் பாடிய பாட்டு என்று என் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. வகுப்பில் ஒரு பெண் அப்படி ஒரு பாட்டுக் கேட்டாள். நான் ரவானை எடுத்து மேன்வார் பாட்டு ஒன்றைச் சொல்லிக்கொடுத்து அந்த நாளை ஓட்டினேன்.

இலக்கணம் தெரியாதவன் தமிழில் பாட்டுக் கட்டக் கூடாது என்பது உன் பழைய கட்சி; பச்சைச் சட்டை விவகாரம் வரை அதற்காகச் சண்டை போட்டிருக்கிறாய். உனக்கு இலக்கணம் தெரியும் அல்லவா? அப்படியானால் நீ எழுது. உன் அப்பா ஓட்டிய அந்த லாரியைப் பற்றி, யாப்பு தவறாமலோ தவறியோ, ஆறு வரி போதும். மெட்டு என் பொறுப்பு. ராகம் எது என்று நீ முன்கூட்டியே கட்டளையிடக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

லேலேயை முதலில் கேள், அடுத்து வாரோ, பீட்டர்ஸை இரவுக்கு வைத்துக்கொள். பதிலுக்கு உன் ஊர்க்காரரான மடாலா குனேனேயின் கிட்டாரைப் பற்றி விரிவாக எழுது; அவர் விரல் போகும் விதம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை, நீ நேரில் கேட்டிருப்பாய். ஆறு வரிகள் தைப்பூசத்துக்கு முன் வந்து சேர வேண்டும், அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்.

உன் நண்பன்