பக்கம் 61-இல் உள்ள பிழையும் என் 3,920 ரூபாயும்

அனுப்புநர்:
டியூஷன் டீச்சர், தக்கலை,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பத்தாம் வகுப்பு ஆங்கில இலக்கணக் கையேட்டில் உள்ள பிழைகள், பணத்தைத் திருப்பிக் கேட்டல்.

ஐயா / அம்மா,

கடந்த ஜூனில் திங்கள்சந்தை கடையொன்றில் உங்கள் கையேட்டை 14 பிரதிகள் வாங்கினேன். ஒன்று 280 ரூபாய். சாயங்காலம் என் வீட்டுத் திண்ணைக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்காக வாங்கியது. பாதிப் பேர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். மழை பிடித்துவிட்டால் அந்த வீடுகளில் வேலை இல்லை, கூலியும் இல்லை. அந்தப் பணத்தில் வாங்கிய புத்தகம் இது.

61-ஆம் பக்கத்தில் கட்டம் கட்டி, "பிகாஸ், பிகாஸ் ஆஃப் இரண்டும் ஒன்றே, எதையும் எழுதலாம்" என்று போட்டிருக்கிறீர்கள். கீழே எடுத்துக்காட்டு: "பிகாஸ் ஆஃப் ஹி வாஸ் இல், ஹி டிட் நாட் கம்." போனில் கேட்டபோது அச்சுப்பிழை என்றார்கள். ஒரே தப்பு நாலு இடத்தில் வந்தால் அதற்குப் பெயர் அச்சுப்பிழையா?

எங்கள் பிள்ளைகள் வழுக்கி விழுகிற இடமே இதுதான். தமிழில் 'மழையால் பால்வெட்டு இல்லை' என்றும் சொல்வோம், 'மழை பெய்ததால் பால்வெட்டு இல்லை' என்றும் சொல்வோம். பெயரோ வினையோ, ஒட்டுவது அதே 'ஆல்'. ஆங்கிலத்தில் அது இரண்டாகப் பிரிகிறது. வெறும் மழை என்றால் 'பிகாஸ் ஆஃப் த ரெயின்'. எழுவாயும் வினையுமாக மழை பெய்தது என்றால் 'பிகாஸ் இட் ரெயின்ட்'. இதைப் பிள்ளைகள் மனதில் ஏற்ற எனக்கு இரண்டு வாரம் ஆகும். நீங்கள் அந்த வழுக்கலையே விதியாக அச்சடித்துவிட்டீர்கள்.

பரீட்சையில் இது சும்மா போகிற விஷயமும் இல்லை. ஒரு வாக்கியத்தைச் சிம்பிள், காம்ப்ளெக்ஸ், காம்பவுண்ட் என்று வகை மாற்றி எழுதச் சொல்லும் கேள்வி மொத்தமும் இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது. 'பிகாஸ் ஆஃப் ஹிஸ் இல்னஸ்' சிம்பிள், 'ஆஸ் ஹி வாஸ் இல்' காம்ப்ளெக்ஸ், 'ஹி வாஸ் இல் அண்ட் ஸோ' காம்பவுண்ட். அரையாண்டுத் தேர்வில் ஒரு பையன் உங்கள் எடுத்துக்காட்டை அப்படியே எழுதி மார்க்கை விட்டான். "புக்குல இப்படியாக்கும் டீச்சர் போட்டிருக்கு" என்று பக்கத்தை விரித்துக் காட்டினான். நான் என்ன சொல்ல?

63-ஆம் பக்கத்தில் ஒரே வாக்கியத்தில் முன்னால் பிகாஸ், பின்னால் ஸோ. ஒன்று போதும். 64-இல் 'ஆஸ்' என்றால் 'போல' மட்டும்தான் என்கிறீர்கள். ஆனால் 112-இல் நீங்களே கொடுத்த லீவ் லெட்டர் 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்குகிறது. அங்கே 'ஆஸ்' காரணம் சொல்ல வருகிறது, 'காய்ச்சல் இருப்பதால்' என்று. ஒருத்தி எழுந்து, "அப்பம் நாம காய்ச்சல் போல இருக்குன்னாக்கும் எழுதுகோம்?" என்றாள். திண்ணையே சிரித்தது, நானும்தான்.

'காரணமாக' என்று பொருள் தரும் 'ட்யூ டு' பற்றி எனக்குப் புகார் இல்லை. அதைக் கொண்டு வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது என்பார்கள் பழைய இலக்கணக்காரர்கள். இன்று எல்லோரும் எழுதுகிறார்கள், அகராதிகளும் ஏற்றுக்கொண்டுவிட்டன. அதில் நீங்கள் எழுதியது சரிதான்.

மூன்று வாரத்துக்கு முன் பக்கங்களைப் போட்டோ எடுத்து மின்னஞ்சல் அனுப்பினேன். "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. நான் கருத்துச் சொல்லவில்லை, பணத்தைக் கேட்டேன்.

3,920 ரூபாயைத் திருப்பித் தாருங்கள், அல்லது திருத்திய பிரதிகளைப் பொதுத்தேர்வுக்கு முன் அனுப்புங்கள். கடைகளில் இருக்கும் பிரதிகளுக்குள்ளும் ஒரு திருத்தச் சீட்டு வையுங்கள். 15 நாளில் பதில் இல்லையென்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. பில் நகலும் பக்கங்களின் படங்களும் இணைத்துள்ளேன்.

புத்தகங்களைத் திருப்பி அனுப்பச் சொன்னால் கூரியர் செலவு உங்களுடையது. 61-ஆம் பக்கத்தைப் பிள்ளைகள் சிவப்பு மையால் அடித்து வைத்திருக்கிறார்கள். அதைச் சேதம் என்று கணக்கில் கழிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தக்கலை.