தில்லிக் குளிருக்கு வரும் முன்

துவாரகா, புது தில்லி
செப்டம்பர் 21

அன்புள்ள சுந்தரம்,

கடிதமும் ரிப்போர்ட் நகல்களும் வந்து சேர்ந்தன. நவம்பரில் வந்து பொங்கல் வரை மயூர் விகாரில் மகள் வீட்டில் இருக்கப்போகிறாய் என்பதில் ரொம்ப சந்தோஷம். புளூ லைன் மெட்ரோவில் ஏறி உட்கார்ந்தால் வண்டி மாறாமல் என் வீட்டுப் பக்கம் வந்துவிடலாம்.

"சுகர் 7.4க்கு வந்தாச்சு, கொலஸ்ட்ராலும் நார்மல், இனி மாத்திரையைக் குறைக்கச் சொல்லலாமா?" என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ வட்டம் போட்டு அனுப்பியிருப்பது அந்த 7.4ஐ, அதாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சியை. என் கண் போனது நாலு வரி கீழே இருக்கும் கெட்ட கொலஸ்ட்ரால், எல்டிஎல் 88 மேல். பக்கத்தில் "100க்குக் கீழ்" என்று லேப்காரர்கள் அச்சடித்திருப்பது ஊருக்கெல்லாம் பொதுவான கணக்கு. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த, சர்க்கரையும் உள்ள ஆளுக்கு எல்டிஎல் 55க்குக் கீழே இருக்க வேண்டும். இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. ஸ்டென்ட் திறந்துவிட்டது அந்த ஒரு அடைப்பை மட்டும்தான். சர்க்கரைக்காரருக்குக் கொழுப்புப் படிவு ஓரிடத்தில் நிற்காது, குழாய் நெடுகப் பரவியிருக்கும். அடுத்த மாரடைப்பு ஸ்டென்ட் இல்லாத இடத்திலிருந்தும் வரலாம்.

88 எப்படி வந்தது என்று பார்த்தேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மருந்தான அடோர்வாஸ்டாடின் 80 மி.கி. என்று தெளிவாக இருக்கிறது. இப்போது நீ போடும் கேப்சூல், ஆஸ்பிரின் 75ம் அடோர்வாஸ்டாடின் 20ம் சேர்ந்தது. மாத்திரை எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று யாரோ கூட்டு கேப்சூலுக்கு மாற்றியதில் டோஸ் கால்பங்காகிவிட்டது. இது அடிக்கடி நடப்பது. இதற்கு நேர்மாறாக, கூட்டு கேப்சூலையும் தனி ஆஸ்பிரினையும் சேர்த்தே விழுங்குகிறவர்களும் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க நீ போடும் டிகாக்ரெலரோடு ஆஸ்பிரின் ஒரு நாளைக்கு 100 மி.கி.யைத் தாண்டக் கூடாது. அதனால் ஒவ்வொரு பட்டையையும் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மி.கி.யையும் ஒரு தாளில் எழுது. அதைச் சம்மரியோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார். பிராண்டு பெயரை நம்பாதே.

டோஸை 80க்குக் கொண்டுபோனாலும் 55ஐத் தொடுவது சந்தேகம். ஸ்டாடினை ஒரு தடவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது ஏறக்குறைய 6 சதவீதம்தான். குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைத் தடுக்கும் எசெடிமைப் 10 மி.கி.யைச் சேர்த்தால் இருப்பதிலிருந்து இன்னொரு 20 சதவீதம் போல இறங்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று உன் கார்டியாலஜிஸ்டிடம் கேள். ஸ்டாடின் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும் என்று உன் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தச் சின்ன ஏற்றத்துக்குப் பயந்து நிறுத்துகிறவர் பெரிய பாதுகாப்பை இழக்கிறார். இரண்டு தொடையிலும் ஒரே மாதிரி வலியும் சோர்வும் வந்தால் மட்டும் சொல். தசை பாதிப்பைக் காட்டும் சிபிகே, தைராய்டு பார்த்து மருந்தை மாற்றலாம்.

டிகாக்ரெலர் 90ஐக் காலையும் இரவும் தவறாமல் போடு. அதன் வேலை சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால்தான் இரண்டு வேளை. ஜூனில் ஸ்டென்ட் வைத்தது என்றால், டாக்டரே நிறுத்தச் சொன்னாலொழிய அடுத்த ஜூன் வரை அதில் கை வைக்காதே. பல் பிடுங்குகிற டாக்டர் "நாலு நாள் நிறுத்திவிட்டு வாங்க" என்றால், கார்டியாலஜிஸ்டைக் கேட்காமல் தலையாட்டாதே. ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் குழாய் ஒரேயடியாக மூடிக்கொள்ளும். சிலருக்கு இந்த மாத்திரையால் மூச்சு வாங்குவது போல இருக்கும். அப்போதும் நீயாக நிறுத்தாமல் போன் பண்ணு, மாற்று மருந்து இருக்கிறது. தில்லிக் குளிரில் முட்டி வலி கூடும். மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் என்று எடுத்து நீட்டுவார்கள், வாங்காதே. இதயத்துக்கும் கிட்னிக்கும் ஆகாது, ரத்தக்கசிவும் வரும். பாராசிட்டமால் போதும்.

சுகருக்கு வருகிறேன். 6க்குக் கொண்டுவா என்று உன் தம்பி நச்சரிப்பதாக எழுதியிருக்கிறாய். இதயநோய் அபாயம் கூடுதலாக உள்ள சர்க்கரைக்காரர்களிடம் எச்பிஏ1சியை 6க்குக் கீழே தள்ளிப் பார்த்த அக்கார்ட் ஆய்வில், அந்தப் பிரிவில் சாவு அதிகமானதால் 2008இல் அந்தப் பகுதியையே பாதியில் நிறுத்தினார்கள். உன் வயதுக்கு 7க்கும் 7.5க்கும் நடுவே, லோ சுகர் இல்லாமல் இருந்தால் அதுவே நல்ல கணக்கு. எண்ணைவிட எந்த மருந்தால் அந்த எண் வந்தது என்பதைக் கவனி. உன் கிளிமிபிரைடு சுகரை இறக்கும், லோ சுகரும் கொண்டுவரும். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின் அப்படியில்லை. 2015இல் வந்த எம்பா-ரெக் ஆய்வில், ஏற்கெனவே இதயநோய் உள்ள சர்க்கரைக்காரர்களிடம் இதயத்தால் வரும் சாவை அது 38 சதவீதம் குறைத்தது. 2025இல் இங்கே காப்புரிமை முடிந்து விலையும் நன்றாக இறங்கிவிட்டது. அதைச் சேர்த்து, கிளிமிபிரைடைக் குறைக்கவோ நிறுத்தவோ முடியுமா என்று கேள். முதலில் கிட்னி எப்படி இருக்கிறது என்று கிரியாட்டினின் பார்ப்பார்கள்.

சேர்த்தால் இதை மறக்காதே. சிறுநீரில் சர்க்கரை போய்க்கொண்டே இருக்கும், அதனால் பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு வரலாம்; தினமும் கழுவித் துடைத்துக்கொள். வாந்தி, பேதி, பட்டினி என்றால் அன்றைக்கு அந்த மாத்திரை வேண்டாம். ஆபரேஷன் என்றால் மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால், சுகர் அதிகமில்லாமலேயே ரத்தத்தில் அமிலம் ஏறிக்கொள்ளும். குளுக்கோமீட்டர் அதைக் காட்டாது.

இனி நீ கேட்காத ஒன்று. வசந்தியையும் இதைப் படிக்கச் சொல். சர்க்கரை நரம்பைக் கெடுத்திருந்தால் மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வரும்: திடீர் வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல், சொல்லத் தெரியாத அசதி. லோ சுகருக்கும் வியர்வைதான். போதாக்குறைக்கு இதயத் துடிப்பைக் குறைக்கும் உன் மெடோப்ரோலால் லோ சுகரின் படபடப்பையும் கைநடுக்கத்தையும் மறைத்துவிடும், வியர்வையை மட்டும் மறைக்காது. ஆக, குப்பென்று வியர்த்தால் உட்கார், குளுக்கோமீட்டரில் குத்திப் பார். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடி, 15 நிமிடம் கழித்து மறுபடி பார். சீனியோ மிட்டாயோ உனக்கு உடனே வேலை செய்யாது. நீ சாப்பாட்டோடு போடும் வோக்லிபோஸ், சீனி உடைந்து ரத்தத்தில் ஏறுவதைத்தான் தடுத்து வைக்கிறது. அதனால் பையில் குளுக்கோஸ் பவுடரே இருக்கட்டும். சுகர் சரியாக இருந்தும் வியர்த்தாலோ, சுகர் ஏறியும் வியர்வை அடங்காவிட்டாலோ அது இதயம்தான் என்று வைத்துக்கொண்டு கிளம்பு. கேஸ் டிரபிள் என்று ஈனோ குடித்துப் படுத்துக்கொள்ளாதே. தில்லியில் ஆம்புலன்ஸுக்கு 102, இல்லாவிட்டால் 112. இருபத்துநாலு மணி நேரமும் ஆஞ்சியோ செய்யும் ஆஸ்பத்திரி மகள் வீட்டுக்குப் பக்கத்தில் எது என்று மாப்பிள்ளை இப்போதே விசாரித்து வைக்கட்டும். தெருமுனை கிளினிக்கில் ஈசிஜிக்குக் காத்திருக்கும் நேரம் இதயத் தசை சாகும் நேரம்.

இங்கத்துக் குளிர் தஞ்சாவூர் மார்கழி மாதிரி இல்லை. ரத்தக்குழாய் சுருங்கி பிரஷர் ஏறும். வந்த முதல் வாரம் காலையும் மாலையும் பார்த்து எழுதி வை: ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்தபின், ஸ்வெட்டர் மேல் கட்டாமல் வெறும் கையில், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. 130/80க்கு மேலேயே நின்றால் சொல். எழுந்து நின்றும் ஒரு தடவை பார், நரம்பு கெட்டவர்களுக்கு நின்றதும் 20 இறங்கும். உப்பைக் குறைக்கிறேன் என்று சோடியம் குறைந்த பாக்கெட் உப்பை வாங்கிவிடாதே. அதில் பொட்டாசியம் இருக்கிறது, உன் பிரஷர் மாத்திரை டெல்மிசார்டனோடு சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் எகிறும். சாதா உப்பையே குறை, ஊறுகாயும் நம்கீனும் வேண்டாம். குளிர்காலப் பரோட்டாவையும் வெண்ணெயையும் பற்றி மகளிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

விடிகாலை வாக்கிங் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வா. நவம்பர், டிசம்பரில் குளிர்ந்த காற்று புகையைத் தரையோடு அமுக்கி வைத்திருக்கும். வெயில் ஏறி, மதியம்தான் கொஞ்சம் கலையும். காற்று மாசைக் காட்டும் சமீர் ஆப்பில் குறியீடு 300ஐத் தாண்டினால் வீட்டுக்குள்ளேயே நட. வெளியே போயே ஆகவேண்டும் என்றால் என்95, துணி மாஸ்க் நுண்தூசியைத் தடுக்காது. ஃப்ளூ தடுப்பூசியை ஊரிலேயே அக்டோபரில் போட்டுக்கொண்டு வா. ஃப்ளூ காய்ச்சலுக்கு அடுத்த நாட்களில் மாரடைப்பு அபாயம் ஏறுகிறது. நிமோனியா ஊசி போட்டதில்லை என்றால் அதையும் கேள். இரவில் காலுக்கு வெந்நீர்ப் பை வைக்காதே, ஹீட்டருக்கு நேரே பாதத்தை நீட்டாதே. உணர்ச்சி மங்கிய பாதம் வெந்துபோவது தெரியாது, காலையில் கொப்புளமாகத்தான் தெரியும். கம்பளிக் காலுறை போதும்.

ஒரு மாத மாத்திரை, குளுக்கோமீட்டர், சம்மரி, ஆஞ்சியோ சிடி எல்லாம் கைப்பையில் வரட்டும், சூட்கேஸில் வேண்டாம். ஸ்டாடின் டோஸை இந்த வாரமே சரி பண்ணிவிட்டால், நவம்பர் முதல் வாரத்தில் ஆறு வாரம் ஆகிவிடும். எல்டிஎல், கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் அல்புமின் நாலையும் அங்கேயே பார்த்துவிட்டு அந்த ரிப்போர்ட்டோடு வண்டி ஏறு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸா ஃபிளைட்டா என்று முடிவானதும் எழுது.

அன்புடன்,
கணேசன்