சிவக்காமலே உருகும்

ஓசூர்

அன்புள்ள கண்ணு,

மின்சுருள் அடுப்பில் தண்ணீர் வற்றி, அடி உருகிச் சொட்டிய எவர்சில்வர் பாத்திரம் என்று நீ அனுப்பிய படத்தை உன் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். "எவர்சில்வர் போய் உருகுமா? யாரோ ஏமாற்றி விற்றிருக்கிறார்கள்" என்பது அவள் தீர்ப்பு. ஏமாற்று ஒன்றும் இல்லை. அடுப்பில் சொட்டியிருப்பது எவர்சில்வர் அல்ல, அதன் அடியில் மறைத்து வைத்த அலுமினியம். இங்கே சிப்காட்டில் நான் தினமும் கரண்டியில் மொண்டு அச்சில் ஊற்றுகிறேனே, அதேதான்.

எவர்சில்வர் வெப்பத்தைக் கடத்துவதில் சரியான சோம்பேறி. அலுமினியம் அதைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு கடத்தும். வெறும் எவர்சில்வரில் களி கிண்டினால் சூடு படும் இடம் தீய்ந்து, ஓரத்தில் மாவு வேகாமல் நிற்கும். அதற்காகத்தான் அடியில் அலுமினியத் தட்டு வைத்து மூடுகிறார்கள். செம்பு இன்னும் நன்றாகக் கடத்தும். ஆனால் விலை கட்டுப்படியாகாது.

பாத்திரத்தில் தண்ணீர் இருந்தவரை, வாங்கிய சூட்டை அலுமினியம் அதனிடம் தள்ளிவிட்டது. கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் ஏறாது என்பதால் அடியும் அதை ஒட்டியே நின்றது. தண்ணீர் வற்றியதும் சூட்டுக்குப் போக்கிடம் இல்லை. பழுத்துச் சிவந்த மின்சுருள் 700 டிகிரியைத் தாண்டும். அலுமினியத்துக்கு 660 போதும். எவர்சில்வருக்கு 1400 அளவில் வேண்டும். அதனால் மேலும் கீழும் தகடு நிற்க, நடுவில் இருந்தது வழிந்துவிட்டது.

இதெல்லாம் போகட்டும். "அப்படியே தூக்கித் தொட்டியில் வைத்தேன்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், அதைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. இரும்பு உருகும் முன் சிவந்து எச்சரிக்கும். அலுமினியத்துக்கு அந்த நாகரிகம் கிடையாது. உருகிய பின்னும் வெள்ளி போலவே பளபளக்கும். அதன்மேல் படரும் ஆக்சைடு தோலோ 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும். அந்தத் தோல் உள்ளே இருக்கும் குழம்பைப் பிடித்துவைத்து, கெட்டியாக இருப்பதுபோல் காட்டும். அசைத்தால் கிழியும், காலில் கொட்டும். எங்கள் உலையில் பழைய ஆட்கள்கூடக் கண்ணை நம்புவதில்லை, வெப்பமானியைத்தான் பார்ப்பார்கள்.

அடுப்பை அணைத்ததும் இறுகிவிடும் என்றும் நினைக்காதே. ஒரு கிலோ அலுமினியம் 660 டிகிரியிலேயே நின்று உருகுவதற்கு மட்டும், ஒரு லிட்டர் குளிர்நீரைக் கொதிக்கவைக்கும் அளவு வெப்பத்தை விழுங்குகிறது. அதைத் திரும்பக் கக்கினால்தான் இறுகும்.

இனி இப்படி நேர்ந்தால் சுவிட்சை அணைத்துவிட்டுத் தள்ளி நில். பாத்திரத்தைத் தொடாதே. தண்ணீர் ஊற்றவே ஊற்றாதே. ஈரக் கரண்டியை உலையில் விட்டாலே நீர் நொடியில் ஆவியாகி உலோகத்தை முகத்தில் வாரி இறைக்கும். அதனால்தான் நாங்கள் கரண்டியைக் காயவைக்காமல் உள்ளே விடுவதில்லை.

அந்தப் பாத்திரத்தை எறிந்துவிடு. அம்மா ராகி மாவோடு ஓர் அலுமினியக் குண்டானும் அனுப்புகிறாள். உன் சுருள் அடுப்புக்கு அது ஒத்துவரும். புளிக்குழம்பு மட்டும் அதில் வேண்டாம், புளிப்பு அலுமினியத்தை அரிக்கும்.

அன்புடன்,
அப்பா