வராத கடனுக்கும் ஜிஎஸ்டியா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம். ஈரோட்டுல சின்னதா பிவிசி பைப் கடை வச்சிருக்கேன், போன வருஷம் ஒரு கான்ட்ராக்டருக்கு 1 லட்சத்துக்கு சரக்கு கடனா குடுத்தேன், பில்லு போட்டாச்சேன்னு அடுத்த மாசம் 20ஆம் தேதியே 18,000 ரூபா ஜிஎஸ்டியை கைக்காசுல கட்டிட்டேன், ஆளு இப்ப போனே எடுக்கல. 180 நாள்ல பணம் தரலைன்னா வாங்குனவர் எடுத்த இன்புட் கிரெடிட்டை (பில்லுல இருக்கற ஜிஎஸ்டியை தான் கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கறது) வட்டியோட திருப்பி கட்டணும்னு சட்டம் இருக்கு, சரி, அப்ப நான் கட்டுன வரி? வராக்கடனுக்கெல்லாம் கிரெடிட் நோட் (பில் தொகையையும் வரியையும் குறைச்சுக் காட்டற சீட்டு) போட முடியாதுன்னு ஆடிட்டர் கைய விரிக்கிறார். ஒரே பில்லுக்கு ரெண்டு பக்கமும் வசூல்! இன்கம்டாக்ஸ்லயாவது வராக்கடனை கழிச்சுக்க விடறாங்க. இங்கிலாந்துல 6 மாசம், சிங்கப்பூர்ல 12 மாசம் ஆச்சுன்னா கட்டுன வரியை திருப்பி கேக்கலாமாம். ஜிஎஸ்டி கவுன்சில் இதையும் கொஞ்சம் எடுத்துப் பேசட்டும் சார்.

- பைப் கடைக்காரர், ஈரோடு