பதினான்காம் வளைவு

ஏற்காடு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரங்களாகின்றன. தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கும் வேலை நடப்பதால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள். உன் மூட்டு வலி குறைந்திருப்பது நிம்மதி. ஆனால், நாவல் எழுதாதவனை எவரும் எழுத்தாளனாக மதிப்பதில்லை, அதனால்தான் துப்பறியும் கதைகளைக் கைவிட்டேன் என்று நீ எழுதியிருந்ததைப் படித்து மனம் கனத்துப்போனது.

எட்வர்ட் டி. ஹோக் என்ற துப்பறியும் கதை எழுத்தாளரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் 1930-ல் பிறந்தவர். முதல் கதை 1955-ல் அச்சேறியது. விளம்பர நிறுவனமொன்றில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிவந்தவர், 1968-ல் ஒரு சிறுகதைக்காக, மர்மக்கதைகளுக்கு வழங்கப்படும் எட்கர் விருது பெற்று, அதே ஆண்டில் முழுநேர எழுத்தாளரானார். அவருடைய நாவல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிறுகதைகளோ தொள்ளாயிரத்துக்கும் மேல். 1973 மே மாதம் தொடங்கி, 2008 ஜனவரியில் அவர் மறையும்வரை, 'எல்லரி குவீன்' மர்மக்கதை இதழ் ஒன்றுகூட அவருடைய கதையில்லாமல் வெளிவந்ததில்லை. அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கம் தன் மிக உயரிய கௌரவமான 'கிராண்ட் மாஸ்டர்' பட்டத்தை 2001-ல் அவருக்கு அளித்தது. அளவில் சிறியது என்பதற்காக அந்த வடிவத்தை அவர் ஒருநாளும் குறைவாக எண்ணவில்லை என்பதே என்னை நெகிழவைக்கிறது.

இத்தனை கதைகளுக்கும் சரக்கு எங்கிருந்து வந்தது என்று நீ கேட்பாய். அவர் படைத்த நிக் வெல்வெட் என்னும் திருடன், மதிப்பே இல்லாத பொருள்களை மட்டும், பெருந்தொகை கூலி பெற்றுக்கொண்டு திருடுவான்; ஒரு கதையில் நீச்சல் குளத்துத் தண்ணீரைத் திருடுகிறான். எப்படித் திருடினான் என்பதோடு, இதை எவன் எதற்காகக் கேட்டான் என்ற இரண்டாவது முடிச்சும் சேர்ந்துகொள்கிறது. அவர் படைத்த இன்னொரு பாத்திரமான, கிராமத்து மருத்துவர் சாம் ஹாதார்ன் துப்பறியும் முதல் கதையில், பனியில் பதிந்த குதிரைவண்டித் தடம் கூரை வேய்ந்த பாலத்துக்குள் செல்கிறது; மறுபக்கம் வெளியே வரவேயில்லை.

அந்த இடத்தில் எனக்கு உன் கதைதான் நினைவுக்கு வந்தது. சேலத்தில் நாம் ஒரே அறையில் தங்கியிருந்த நாள்களில் நீ எழுதத் தொடங்கிய ஏற்காட்டுப் பேருந்துக் கதையைத்தான் சொல்கிறேன். அடிவாரத்தில் ஏறியவன் பதினான்காம் கொண்டை ஊசி வளைவு தாண்டும்போது இருக்கையில் இல்லை. வண்டி எங்கும் நிற்கவில்லை, கதவு திறக்கவில்லை, கண்டக்டரின் டிக்கெட் கணக்கும் சரியாகவே இருக்கிறது. அவன் இருக்கையில் ஒரு மஞ்சள் பையும், அதனுள் உரிக்காத ஒற்றை ஆரஞ்சுப் பழமும் மட்டும் கிடக்கின்றன. நான்கு பக்கங்களோடு நிறுத்திவிட்டாய். இதை நாவலாக இழுத்திருந்தால் அந்த ஆரஞ்சுப் பழம் வாடிப்போயிருக்கும் என்றே நான் இன்றும் நம்புகிறேன்.

அந்தத் தாள்கள் இத்தனை காலமும் என் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருந்தன. நகலெடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மூலம் என்னிடமே இருக்கட்டும். அந்த வளைவுக்குச் சற்று முன்னால் கண்டக்டர் ஏன் பயணிகளை இரண்டாம் முறையாக எண்ணினார் என்பது உனக்கு மட்டுமே தெரியும். ஐந்தாம் பக்கத்தை எழுதி அனுப்பு.

என்றும் உன்,
பழைய அறை நண்பன்