கதவு மூடமுன்னம் செய்யிற வேலைக்கும் சம்பளம் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கட பேப்பரில போன கிழமை வந்த வாசகர் கடிதம் ஒண்டைப் படிச்சதிலயிருந்து மனம் கேக்கேல்ல, அதான் எழுதுறன். 2025 ஆகஸ்டில எயார் கனடா விமானப் பணியாளர் ஸ்ரைக் செய்தபடியால தங்கட குடும்பம் லண்டனில கலியாணத்துக்குப் போகமுடியாமல் போனதெண்டும், மேல பறந்து கோப்பி குடுக்கிற ஆக்களுக்கு என்னத்துக்கு யூனியன் எண்டும் அந்த ஐயா எழுதியிருந்தார். கலியாணம் தவறினது பெரிய கவலைதான், அதை நான் குறைச்சுச் சொல்லேல்ல. ஒரு நாளைக்கு 1,30,000 பேர் மட்டில ஏறி இறங்கிற கொம்பனி நிண்டா எங்கட சனமும் மாட்டுப்படும், செத்தவீட்டுக்குப் போக வழியில்லாமல் தவிச்ச ஆக்களை எனக்கே தெரியும். ஆனா அது ஏன் நிண்டது எண்டதை எங்கட பாசையில ஒருத்தரும் ஒழுங்கா விளங்கப்படுத்தேல்ல, உங்கட பேப்பரிலயும் எத்தினை பிளைட் கான்சல், ரிக்கற் காசு எப்பிடித் திருப்பி எடுக்கிறது எண்டதுதான் வந்ததே ஒழிய, அந்தப் பிள்ளையள் என்ன கேட்டு வெளியில வந்தவை எண்டது வரேல்ல.

என்ர மகள் ஏழு வருசமா விமானப் பணியாளரா இருக்கிறா. எயார் கனடாவில இல்லை, வேற கொம்பனி, அதின்ர பேர் இஞ்ச வேண்டாம். அவ வேலைக்குச் சேர்ந்த புதுசில ஒருநாள் பே ஸ்ரப்பையும் அந்த மாச ஸ்கெடியூலையும் குசினி மேசையில விரிச்சு வைச்சு "அப்பா இதை ஒருக்கா கூட்டிப் பாருங்கோ, எனக்கு ஏதோ பிழையாக் கிடக்கு" எண்டா. நானும் பேனையை எடுத்துக் கூட்டினன். ஒரு பெப்ரவரி நாள், ஹலிபக்ஸ் போய்த் திரும்பிற வேலை. விடிய அஞ்சு மணிக்கு ரொறன்ரோ பியர்சன் எயார்போட்டில ரிப்போட் பண்ணியிருக்கிறா, ஆறேகாலுக்குப் போகவேண்டிய விமானம் பனியால கேற்றை விட்டு அசையாமல் எட்டு இருபது மட்டும் ஆக்களை ஏத்தினபடி அப்பிடியே நிண்டிருக்குது. அந்த ரெண்டு மணித்தியாலமும் தண்ணி குடுத்து, அழுத குழந்தையைச் சமாளிச்சு, கனெக்சன் தவறப்போகுதெண்டு கத்தினவருக்குப் பதில் சொல்லி, ஒருக்காலும் இருக்காமல் நிண்டவ இவதான். பிறகு ரெண்டு மணித்தியாலம் பத்து நிமிசம் பறப்பு, அங்க இறக்கி ஏத்த ஒரு மணித்தியாலத்துக்கு மேல, திரும்பி வர ரெண்டு முப்பத்தஞ்சு. எல்லாரையும் இறக்கி முடிய பின்னேரம் ரெண்டு நாப்பது. ஒன்பது மணித்தியாலம் நாப்பது நிமிசம் யூனிபோமோட வேலையில நிண்டிருக்கிறா, சம்பளம் போட்டது நாலேமுக்கால் மணித்தியாலத்துக்கு. நான் மூண்டு தரம் கூட்டினன், பிழை எங்கயும் இல்லை, அதுதான் அந்த வேலையின்ர சட்டமாம். விமானம் கேற்றை விட்டு அசைஞ்சாத்தான் மணிக்கூடு ஓடும், திரும்பவும் கேற்றில வந்து நிண்ட உடன மணிக்கூடு நிண்டிடும். முன்னுக்கும் பின்னுக்கும் செய்யிற எல்லாம் சும்மா.

அந்தச் சும்மா வேலை என்னெண்டு ஐயாவுக்கு ஒரு உதாரணம் சொல்லுறன். நாலு வருசத்துக்கு முன்னம் என்ர மனுசியின்ர தாயாரைக் கூட்டிக்கொண்டு லண்டன் போனன், அவவுக்கு எண்பத்தொரு வயசு, வீல்செயார். வாசலில வைச்சு ஒரு பிள்ளை அவவைக் கையைப் பிடிச்சு சீற்றில இருத்தி, பெல்ற்றைப் போட்டு, மிளகாய்த்தூளும் சரக்குத்தூளும் அடைஞ்ச அந்தப் பாரமான பையைத் தூக்கி மேல வைச்சு, மருந்து எந்தப் பையில இருக்கெண்டு என்னட்டைக் கேட்டு அதைமட்டும் எடுத்து அவவின்ர மடியில குடுத்திட்டுப் போச்சுது. மாமி அந்தப் பிள்ளையின்ர கன்னத்தைத் தடவி "நல்லா இரு மோனை" எண்டு தமிழில சொன்னா, அது வெள்ளைக்காரப் பிள்ளை, விளங்கின மாதிரிச் சிரிச்சது. வீட்ட வந்து மகளுக்கு இதைச் சொல்ல அவ சொன்னது, "அப்பா அந்த நேரம் அவவுக்கு மணிக்கூடு ஓடேல்ல." ஆக்கள் ஏறமுன்னமே உள்ளுக்குப் போய் ஒட்சிசன் சிலிண்டர், நெருப்பணைக்கிற கருவி, அவசரக் கதவு எல்லாம் செக் பண்ணுறதும் இவைதான், அதுக்கும் ஓடாது. கோப்பி குடுக்கிறது அவையின்ர வேலையில ஒரு துண்டு, நெருப்புப் பத்தினா தொண்ணூறு செக்கனில எல்லாரையும் வெளியில எடுக்கப் பழக்கப்பட்ட ஆக்கள் அவை.

சம்பளம் ஒரு பக்கம் எண்டா ஸ்கெடியூல் அதைவிடப் பெரிய பிரச்சினை, வெளியில இருக்கிறவைக்கு இது தெரியாது. எல்லாம் சீனியோரிற்றிதான், பழைய ஆக்கள் முதல்ல விருப்பமானதைக் கேட்டு எடுப்பினம், புதுசா வந்தவை ரிசேர்வில கிடக்கவேணும். ரிசேர்வ் எண்டா பெட்டியை அடுக்கி வாசலில வைச்சு, போனைத் தலகணிக்குப் பக்கத்தில வைச்சு, கோல் வந்தா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள எயார்போட்டில நிக்கவேணும், கோல் வராட்டியும் எங்கயும் போகேலாது. மூண்டு தைப்பொங்கலுக்கு அவ வீட்டில இல்லை, தம்பியின்ர பட்டமளிப்புக்கு வரேல்ல, என்ர பைபாஸ் ஒப்பரேசன் நடந்த அண்டைக்கு அவ வன்கூவரில ஒரு ஹொட்டல் அறையில இருந்து அழுதுகொண்டிருந்தா.

யூனியன் எதுக்கெண்டு கேட்டா நான் இந்தக் கதையைத்தான் சொல்லுவன். ஒருக்கா லீவு நாளில அவவைக் கூப்பிட்டு, வராட்டி உன்ர பேரில பதியவேண்டி வரும் எண்டு ஸ்கெடியூலிங்கில இருந்த ஒராள் சொல்ல, இவ பயந்து போய் நாலுநாள் வேலையைச் செய்திட்டு வந்தா. பிறகு கூட வேலைசெய்யிற ஒரு பிள்ளை சொல்லி யூனியன் பிரதிநிதிக்கு எடுத்தவ, நானும் பக்கத்தில இருந்து ஸ்பீக்கரில கேட்டன். அந்தப் பிரதிநிதியும் இருபது வருசத்துக்கு மேல பறந்த ஒரு மனுசிதான், இரவு பதினொரு மணிக்கு மேல, கோபமும் இல்லை அவசரமும் இல்லை, எத்தினை மணிக்குக் கோல் வந்தது, யார் கதைச்சது, ஸ்கெடியூலை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைச்சிருக்கிறியோ எண்டு ஒண்டொண்டாக் கேட்டு எழுதினா. கிரீவன்ஸ், அதாவது யூனியன் மூலமா முறைப்பாடு, போட்டினம், ஆறு மாசம் இழுத்தது, கடைசியில அந்த நாலு நாளுக்கும் கூடுதல் சம்பளமும் வேற லீவும் வந்தது. காசு பெரிசில்லை ஐயா. அதுக்குப் பிறகு லீவு நாளில கோல் வந்தா என்ர பிள்ளை பயப்பிடாமல் ஏலாது எண்டு சொல்லப் பழகிட்டா, அதுதான் எனக்குப் பெரிசு. நான் வந்த புதுசில, தொண்ணூறுகளில, ஸ்காபரோவில யூனியன் இல்லாத ஒரு ஃபக்ரறியில வேலை செய்தவன், போர்மன் நில் எண்டா நிண்டம், போ எண்டா போனம், கேக்க ஒரு நாதி இல்லை.

இன்னொண்டும் இருக்கு. பைலட்டுமார் எவ்வளவு நேரம் பறக்கலாம், எவ்வளவு ஓய்வு எடுக்கவேணும் எண்டதுக்கு கனடாவில அரசாங்க விதியே இருக்கு, 2018இல அதைப் புதுசா இறுக்கினவை. கபினில நிக்கிற ஆக்களுக்கு அப்பிடி விதி இல்லை, அவையின்ர ஓய்வைக் காப்பாத்துறது யூனியன் எழுதி வாங்கின ஒப்பந்தம்தான். அமெரிக்காவில பத்து மணித்தியால ஓய்வு வேணும் எண்டு 2018இல காங்கிரஸ் சட்டம் போட்டும் அது விதியா வர 2022 ஒக்ரோபர் ஆச்சு, அதுக்கும் அங்கத்தை யூனியன்தான் விடாமல் நிண்டது. 1945இல யுனைற்றட் கொம்பனியில வேலை செய்த அடா பிரவுண் எண்ட பொம்பிளை விமானப் பணியாளருக்கான முதல் சங்கத்தைத் தொடங்கினதும் இதே சம்பளம், இதே பறக்கிற நேரம் எண்ட பிரச்சினைக்குத்தான்.

இப்ப எயார் கனடா கதைக்கு வாறன். பத்து வருச ஒப்பந்தம் 2025 மார்ச்சோட முடிஞ்சது, 10,000 பேருக்கு மேல இருக்கிற விமானப் பணியாளர் கியூப்பி எண்ட சங்கத்தில இருக்கினம், ஸ்ரைக்குக்கு 99.7 வீதம் ஓட்டுப் போட்டவை. ஆகஸ்ட் 16 விடியப்புறம் ஒரு மணிக்குக் கிட்ட வெளியில வந்தினம். பன்னிரண்டு மணித்தியாலம் கூட ஆகேல்ல, மத்திய அரசின்ர வேலைவாய்ப்பு அமைச்சர் பட்டி ஹைடு தொழில் சட்டத்தின்ர 107ஆம் பிரிவைத் தூக்கி, வேலைக்குத் திரும்பச் சொல்லவேணும் எண்டு தொழில் உறவுச் சபைக்கு உத்தரவு போட்டா. அதுக்கு முதல் வருசம் ஆகஸ்டில ரயில்காரருக்கும் நவம்பரில துறைமுகத்துக்கும் டிசம்பரில தபால்காரருக்கும் இதே 107தான். அரசாங்கம் வந்து காப்பாத்தும் எண்டு தெரிஞ்சா எந்த முதலாளி மேசையில இருந்து ஒழுங்காப் பேசுவான்? எனக்கு இதில சந்தேகமே இல்லை, அந்த ஐயாவின்ர கலியாணப் பயணத்தைக் கெடுத்ததில இந்த 107க்கும் பங்கு இருக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு வேலைக்குப் போகவேணும் எண்டு கட்டளை. மனுசி சுட்ட மரக்கறி றோல்ஸ் அறுபதைக் கட்டிக்கொண்டு நானும் மகளும் பியர்சனுக்குப் போனம். நல்ல வெயில், யூனிபோம் போட்டபடி பிள்ளையள் மட்டையைப் பிடிச்சுக்கொண்டு நடந்து திரியினம், அதில எங்கட பிள்ளையள் ரெண்டு பேரும் நிண்டவை, ஒராள் றோல்ஸைக் கண்டிட்டு "அங்கிள் இது எங்கட வீட்டு மணம்" எண்டு சொல்லிச்சுது. ரெண்டு மணியும் தாண்டிச்சு, ஒருத்தரும் உள்ளுக்குப் போகேல்ல. சங்கத்தின்ர தேசியத் தலைவர் மார்க் ஹன்கொக் அந்த உத்தரவுக் கடுதாசியைக் கிழிச்சுப் போட்டார், அடுத்தநாள் தன்னைப் போல ஆக்கள் சிறைக்குப் போனாலும் பரவாயில்லை எண்டும் சொன்னார். திங்கட்கிழமை அது சட்டவிரோதம் எண்டு சபை சொல்லியும் நிண்டினம். அதே நாள்தான் அமைச்சரே சும்மா வேலை வாங்கிறதைப் பற்றி விசாரிக்கப்போறதாச் சொன்னவ, செவ்வாய் விடியமுன்னம் வில்லியம் கப்லன் எண்ட மத்தியஸ்தர் இருந்து உடன்பாடு வந்தது. மாசக்கணக்கா வராதது நாலு நாளில வந்தது.

வந்தது முழுசா வரேல்ல எண்டதையும் சொல்லவேணும். நிலத்தில நிக்கிற நேரத்துக்கு, சின்ன விமானத்துக்கு 60 நிமிசம், பெரிசுக்கு 70 நிமிசம், முதல் வருசம் மணிச் சம்பளத்தில பாதி, பிறகு கூடும். சம்பள உயர்வு அஞ்சு வருசம் வரைக்கும் வேலை செய்தவைக்கு 12 வீதம், மிச்சப்பேருக்கு 8. அந்தச் சம்பளப் பகுதியை செப்ரெம்பரில உறுப்பினர் ஓட்டுக்கு விட 99.1 வீதம் பேர் வேண்டாம் எண்டினம்! திரும்ப ஸ்ரைக் செய்யேலாது, அது மத்தியஸ்தத்துக்குத்தான் போகும் எண்டு தெரிஞ்சும் வேண்டாம் எண்டவை. யூனியன் தலைவர்மார் ஆட்டிவைக்கினம் எண்டு எழுதின ஐயா இந்த 99.1ஐ யோசிச்சுப் பாக்கவேணும், தலைவர்மார் கொண்டுவந்ததையே பிள்ளையள் தூக்கி எறிஞ்சிருக்கினம்.

அமெரிக்காவில டெல்ரா கொம்பனியில விமானப் பணியாளருக்கு யூனியன் இல்லை, அங்கதான் 2022இல முதல்ல போர்டிங் நேரத்துக்குப் பாதிச் சம்பளம் குடுத்தவை, அப்ப யூனியன் எதுக்கெண்டு என்ர மருமகனே என்னோட வாதாடினவர். அங்க யூனியன் கொண்டுவர வருசக்கணக்கா ஆக்கள் வேலை செய்துகொண்டிருந்த நேரம் அது, கொம்பனிக்கு அது தெரியாமலே குடுத்தவை? கையெழுத்து இல்லாமல் தந்ததை நாளைக்குக் கையெழுத்து இல்லாமலே எடுக்கலாம். அமெரிக்கன் எயார்லைன்ஸ்காரர் 2024இல அதையே ஒப்பந்தத்தில எழுதி வாங்கினவை.

என்ர மகளின்ர கொம்பனியில ஒப்பந்தப் பேச்சு இனித்தான் வரப்போகுது. எனக்குப் பாதிச் சம்பளத்தில விருப்பமில்லை, ஏறேக்கை மாமியின்ர கையைப் பிடிச்ச பிள்ளை அரைக் கையால பிடிக்கேல்ல, முழுக் கையாலதான் பிடிச்சது, அதுக்கு முழுச் சம்பளம்தான் குடுக்கவேணும். உங்களிட்ட ஒரு வேண்டுகோள். எங்கட தமிழ்ப் பிள்ளையள் இந்த வேலையில கனபேர் இருக்கினம், அவையில நாலு பேரை இருத்திக் கதைச்சு ஒரு முழுப் பக்கம் போடுங்கோ, பேர் போடாமல் போடுங்கோ. என்ர மகளும் கூட வேலைசெய்யிற ரெண்டு பேரும் கதைக்கத் தயார், என்ர போன் நம்பர் இந்தக் கடிதத்தோட தனியா வைச்சிருக்கிறன். அடுத்த செவ்வாயும் புதனும் அவவுக்கு லீவு, அதுக்குப் பிறகு ரிசேர்வ், அதால முதலே எடுங்கோ.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலயிருந்து ஒரு தகப்பன்