ஓர்ட் மெர்ஜை உருவாக்கியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எலைஜா நியூரன் அவர்களுக்கும், நிரல்களில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில், பிரிந்த கிளைகளை ஒன்றாக இணைக்கும் மெர்ஜ் நிரலை எழுதிய, திருத்திய, சோதித்த அனைவருக்கும் வணக்கம்.

பிறர் நடத்தும் பெரிய திட்டங்களின் மேல் எங்கள் பேட்ச்களை (மாற்றத் தொகுப்புகளை) அடுக்கி, நெடுநாள் கிளைகளாகப் பராமரிப்பவர்கள் நாங்கள். மூலத் திட்டத்தில் ஒரு டைரக்டரியின் பெயர் மாறினால், அந்த அடுக்கு முழுவதையும் ரீபேஸ் செய்தாக வேண்டும், அதாவது புதிய நிலையின் மேல் ஒவ்வொன்றாக மறுபடி பொருத்த வேண்டும். 2021 நவம்பரில் வெளியான கிட் 2.34 முதல் இந்த வேலையை வழக்கமாகச் செய்வது ஓர்ட் என்ற புதிய மெர்ஜ் முறை; அதற்கு முன் செய்தது ரிகர்சிவ். 'ரிகர்சிவின் இரட்டை போலத் தோன்றுவது' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை. கட்டளை மாறவில்லை, திரையில் தெரிவதும் பெரிதாக மாறவில்லை. அதனாலேயே பலருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. யாருக்கு எதற்காக நன்றி என்பதைப் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதல் நன்றி பழைய ரிகர்சிவுக்கு. 2005இல் ஃபிரெட்ரிக் குய்வினன் அதைப் பைத்தானில் எழுதினார். 2006இல் யோஹானஸ் ஷிண்டலினும் அலெக்ஸ் ரீசனும் சி மொழிக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு கிளைகள் ஒன்றையொன்று குறுக்காக மெர்ஜ் செய்திருந்தால் பொது மூதாதை ஒன்றல்ல, இரண்டு கிடைக்கும். எதை அடிப்படையாகக் கொள்வது? இரண்டையும் முதலில் மெர்ஜ் செய்து ஒரு கற்பனை மூதாதையை உண்டாக்கு, அதை வைத்துக்கொண்டு மேலே போ என்பது அவர்கள் தந்த விடை. அந்தக் கற்பனை மூதாதைக்குள்ளேயே கான்ஃபிளிக்ட் (ஒரே இடத்தை இரு பக்கமும் வேறுவேறாக மாற்றிய மோதல்) வந்தால், கோப்பில் அதைக் காட்டும் குறிகள் வெளிக் குறிகளோடு குழம்பாமல் இருக்க நீளத்தைக் கூட்டுகிறார்கள். ஓர்ட் இன்றும் அந்த வழியில்தான் நடக்கிறது. வரிகளை ஒப்பிட்டு இணைக்கும் அடித்தளமான லிப்எக்ஸ்டிஃபைத் தந்த டேவிடே லிபென்சிக்கும் எங்கள் நன்றி.

பிறகு ஏன் புதிதாக எழுத வேண்டியிருந்தது? ரிகர்சிவ், மெர்ஜ் நடக்கும்போதே இண்டெக்ஸிலும் (கிட் வைத்திருக்கும் கோப்புப் பட்டியல்) வொர்க்கிங் ட்ரீயிலும் (நாம் திருத்தும் கோப்புகள்) எழுதிக்கொண்டே போகும். இண்டெக்ஸ் வரிசைப்படுத்திய ஓர் அரே. நடுவில் ஒன்றைச் செருகினால் பின்னால் இருப்பவை எல்லாம் நகர வேண்டும். ஆயிரக்கணக்கில் செருகினால் நேரம் இருபடியாக ஏறும். அதைவிடத் தொல்லை, முதலில் ஒரு முடிவெடுத்துவிட்டு, பின்னால் ரீநேம் (கோப்பின் பெயர் மாற்றம்) தெரிந்ததும் அதைத் திருத்த வேண்டியிருப்பது. நடுவில் தேவையில்லாமல் ஒரு ஹெடர் கோப்பைத் தொட்டுவிட்டால் அதன் நேரக்குறி மாறும். உள்ளடக்கம் ஒரு எழுத்துகூட மாறாமலே பாதித் திட்டம் மறுபடி கம்பைல் ஆகும்.

ஓர்ட் எல்லாவற்றையும் நினைவகத்திலேயே முடிக்கிறது. மூதாதை, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று மூன்று ட்ரீகளிலும் (கோப்பு, டைரக்டரி அமைப்புகளிலும்) ஒரே நேரத்தில் நடக்கிறது. ஒவ்வொரு பாதையையும் ஒரு ஹேஷ் மேப்பில் ஒரே முறை பதிகிறது; அதன் பின் பாதைகளை எழுத்தெழுத்தாக ஒப்பிடத் தேவையில்லை, பாயிண்டரைப் பார்த்தால் போதும். ஸ்ட்ர்மேப் என்ற அந்த ஹேஷ் மேப் நிரலை வரிவரியாகப் படித்துக் கருத்துச் சொன்ன ஜெஃப் கிங்குக்கு நன்றி. இறுதிக் கட்டத்தில் பாதைகளைக் கடைசியிலிருந்து முதலுக்கு எடுக்கிறார்கள். டைரக்டரியின் உள்ளே இருப்பவை முதலில் முடிந்துவிடுவதால், அந்த டைரக்டரிக்கு வரும்போது அதன் ட்ரீ ஆப்ஜெக்டை அங்கேயே எழுதிவிடலாம். ஒரே பெயரில் ஒரு பக்கம் கோப்பு, மறுபக்கம் டைரக்டரி என்ற சிக்கலும் அந்த இடத்தில் தெளிந்துவிடுகிறது. எங்கள் கண்ணுக்கு இந்த நிரலிலேயே மிக அழகான இடம் இதுதான்.

ரீநேமைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். கிட் ரீநேமைச் சேமித்து வைப்பதில்லை. காணாமல் போன கோப்பையும் புதிதாக வந்த கோப்பையும் ஒப்பிட்டு, 50 சதவீதமாவது ஒத்திருந்தால் ரீநேம் என்று கொள்கிறது. 26,000 போய் 26,000 வந்தால், மோசமான நிலையில் 67.6 கோடி ஜோடிகள். லினக்ஸ் கெர்னலில் டிரைவர்ஸ் டைரக்டரியை பைலட்ஸ் என்று மாற்றி, அதன் மேல் 35 பேட்ச்களை ரீபேஸ் செய்வதையே நியூரன் தன் சோதனையாக வைத்துக்கொண்டார்.

அவர் அந்த எண்ணிக்கையைக் கட்டம் கட்டமாகக் குறைத்தார். ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) அப்படியே ஒத்துப்போகும் கோப்புகளுக்கு ஒப்பீடே வேண்டாம். அடுத்தது, மறுபக்கம் தொடாத கோப்பு. அது எங்கே போனது என்று தெரியாமலே விடை சரியாக வரும். ஆகவே தேட வேண்டாம். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. மறுபக்கம் பழைய டைரக்டரிக்குள் புதிய கோப்பு எதையாவது சேர்த்திருந்தால், டைரக்டரியே இடம் மாறியதா என்று கண்டுபிடிக்க அந்த ரீநேம்களும் தேவைப்படும். அதையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். அதன் பிறகு பெயர். இடம் மாறினாலும் கோப்பின் கடைசிப் பெயர் பெரும்பாலும் மாறுவதில்லை. அந்தப் பெயர் இரு பக்கமும் ஒன்றே ஒன்றாக இருந்தால், அந்த ஒரு ஜோடியை மட்டும் ஒப்பிடுகிறார்கள். ஆனால் இதைவிடப் பொருத்தமான ஜோடி வேறெங்காவது இருக்கலாம் அல்லவா? அதற்காக இங்கே தகுதி மதிப்பெண் 50 அல்ல, 75 சதவீதம். மேக்ஃபைல் மாதிரி எல்லா இடத்திலும் இருக்கும் பெயர் என்றால், அதே டைரக்டரியின் மற்றக் கோப்புகள் எங்கே போயின என்று பார்த்து ஊகிக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவதற்குத்தான் முழு ஒப்பீடு.

ரீபேஸில் இன்னொரு சேமிப்பு. மூலத் திட்டத்தின் பக்கம் நடந்த ரீநேம்கள் முதல் பேட்சுக்கும் முப்பத்தைந்தாவது பேட்சுக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். ஒரு முறை கண்டதை அடுத்தடுத்த படிகளுக்குக் கேஷில் வைத்துக்கொள்ளலாம். 'ஏறக்குறைய' என்ற சொல்லில்தான் ஆபத்து. இரு பக்கமும் ஒரே கோப்பை ஒரே புதிய பெயருக்கு மாற்றியிருந்தால், அடுத்த படியில் அந்த ரீநேமே இருக்காது. கேஷ் பொய் சொல்லும். அந்த நிலையைத் தனியே பிடித்துத் தீர்த்திருக்கிறார்கள். கேஷ் எப்போது செல்லும், எப்போது செல்லாது என்ற வாதத்தை முழு ஆவணமாக எழுதி நிரலோடு சேர்த்தும் வைத்திருக்கிறார்கள். அதற்குத் தனி நன்றி. ரீநேம் நிறைந்த ஒற்றை மெர்ஜ் 500 மடங்குக்கு மேலும், தொடர் ரீபேஸ் 9,000 மடங்குக்கு மேலும் வேகமானது இந்தக் கவனத்தால்தான்.

டெரிக் ஸ்டோலி, டெய்லர் பிளாவ், ஜோனத்தன் டான், பராமரிப்பாளர் ஜூனியோ ஹமானோ: சிறுசிறு தொகுதிகளாக வந்த இத்தனை மாற்றங்களையும் பொறுமையாகப் படித்தீர்கள். வேகத்துக்கான ஒவ்வொரு தொகுதியும் தன் நேரக் கணக்கோடு வந்தது. ஒரே சோதனைத் தொகுப்பைப் பழையதிலும் புதியதிலும் மாற்றி மாற்றி ஓட்ட ஒரு சூழல் மாறி இருந்ததால், விடை எங்கே வேறுபடுகிறது என்பது உடனே தெரிந்தது. மெர்ஜ் தவறாக முடிந்தால் கூச்சலிடாது. யாரோ எழுதிய வரி சத்தமில்லாமல் மறைந்துபோகும். அதனால் உங்கள் படிப்பின் மதிப்பு எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஓர்ட் வரிகளை ஒப்பிடுவது ஹிஸ்டோகிராம் முறையில். அடிக்கடி வரும் அடைப்புக்குறி வரிகளைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஃபங்ஷன்களைப் பின்னிவிடும் தவறு அதில் குறைவு. கிட்டின் ஜாவா வடிவமான ஜேகிட்டில் அதை எழுதிய மறைந்த ஷான் பியர்ஸுக்கும், 2011இல் கிட்டுக்குக் கொண்டுவந்த டே ரே சுவானுக்கும் நன்றி.

இதைப் படிக்கும் சக நிரலாளர்களுக்கு ஒன்று. கிட் 2.38 முதல் 'கிட் மெர்ஜ்-ட்ரீ --ரைட்-ட்ரீ' என்ற கட்டளைக்கு இரண்டு கிளைகளைக் கொடுத்தால், வொர்க்கிங் ட்ரீயைத் தொடாமல் மெர்ஜ் செய்து, முதல் வரியில் விளைந்த ட்ரீயின் ஹேஷைத் தரும். வெளியேறும் எண் 0 என்றால் சுத்தம், 1 என்றால் கான்ஃபிளிக்ட். கிளைகளை ஒவ்வோர் இரவும் இப்படி ஓட்டிப் பார்த்தால், எந்தக் கிளை முட்டப்போகிறது என்று காலையில் தெரிந்துவிடும். ஆனால் 0 வந்தாலும் பில்டையும் டெஸ்டையும் விடாதீர்கள். ஒருவர் ஃபங்ஷனின் பெயரை மாற்ற, இன்னொருவர் பழைய பெயரில் புதிதாக அழைத்திருந்தால் வரிகள் மோதாது, ஆனால் நிரல் உடையும். இரு கிளைகளிலும் ஒரே மாற்றம் நுழைந்து, பிறகு ஒன்றில் மட்டும் ரிவர்ட் செய்து விலக்கப்பட்டிருந்தால், மெர்ஜில் அந்த மாற்றம் திரும்ப வந்துவிடும். மும்முனை மெர்ஜ் மூதாதையையும் இரு கிளைகளின் முனைகளையும் மட்டுமே பார்த்து, நடுவில் நடந்ததைப் பார்க்காததால் வருவது இது.

கிட் 2.50இல் பழைய ரிகர்சிவின் தனி நிரலுக்கு விடை கொடுத்துவிட்டீர்கள். ஆனாலும் எங்கள் பழைய ஸ்கிரிப்ட்களில் 'ரிகர்சிவ்' என்று எழுதியிருப்பது இன்றும் ஓடுகிறது. அந்தப் பெயரில் ஓர்ட்டே ஓடுகிறது. எங்கள் ஸ்கிரிப்ட் ஒன்றும் உடையாமல் பார்த்துக்கொண்டதற்கும் நன்றி.

அன்புடன்,
நெடுநாள் கிளைகளைப் பராமரிக்கும் நிரலாளர்கள்